நானும் அனுப்பிய மெசேஜ்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் கிடந்த மாவுக் கட்டி ‘மலட்டு மாத்திரை’ ஆனது. சிங்களம் சரியாக விளங்காத உணவகக்காரர் கூட்டத்தின் நடுவே தலையாட்டினார். அந்தக் காணொளி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாச்சத்துதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார்.

கல்முனையில் பெண்கள் சிலருக்குத் தகவல் எழுத்தறிவு வகுப்பு எடுத்தபோது இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன். எல்லோருக்கும் கோபம் வந்தது. திகதியைப் பாருங்கள், மூலத்தைத் தேடுங்கள், படத்தைக் கூகுளில் போட்டுப் பாருங்கள் என்றேன். கவனமாகக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த நாளே வட்ஸ்அப் குழுவில் வழக்கமான வதந்தி வந்தது.

அமெரிக்கக் கல்வியாளர் ஜக் மெசிரோ, படிப்பைத் தொடரக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்து, 1978இல் ‘நிலைமாற்றக் கற்றல்’ கோட்பாட்டை முன்வைத்தார். வளர்ந்தவர்களுக்குப் புதிய தகவல் மட்டும் போதாது என்கிறார். எதை நம்புவது என்பதை நமது பழைய எண்ணங்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. அவற்றால் விளக்க முடியாத ஒன்றில் நாமே மாட்டித் தடுமாறும்போதுதான் அந்த எண்ணங்களை விசாரிக்கத் தொடங்குகிறோம். அதற்குப் பேச்சுத்துணையும் வேண்டும்.

எனக்கு அந்தத் தடுமாற்றம் 2019 ஜூனில் வந்தது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்த நாட்கள். தமிழர்களைப் பற்றிய ஒரு படத்தை நான் குழுவில் அனுப்பினேன். பாண்டிருப்புத் தோழி அழைத்தாள்: “இது எங்கட ஊரே இல்லையே. நீயுமா?” ஊடகப் படிப்பு படித்தவள் நான். சரிபார்க்கத் தெரியாமல் இல்லை. ‘அவர்கள்’ அப்படித்தான் என்று ஏற்கெனவே நம்பியிருந்ததால் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது வகுப்பை அந்தப் படத்தில் தொடங்குகிறேன். பிறகு ஒவ்வொருவரும் தான் அனுப்பிய பொய்யொன்றைக் கொண்டுவர வேண்டும். தமிழ்க் கடையொன்றைப் பற்றிய குரல்பதிவைப் போட்டுக் காட்டிய ராத்தா ஒருவர் கேட்டார்: “இதுக்கும் அந்த மாத்திரைக் கதைக்கும் என்ன புள்ள வித்தியாசம்?” யாரும் பேசவில்லை.

ஆனால் 1990ஐக் கண்டவர்களின் பயத்தை வதந்தி என்று ஒதுக்க முடியாது. காத்தான்குடிப் பள்ளிவாசலும் நடந்தது, வீரமுனையும் நடந்தது. அதையும் பேச விட்டேன். அன்றைக்குப் பிறகு இரண்டு பேர் வகுப்புக்கு வரவில்லை. ராத்தா வருகிறார்.