சென்னைக்கு 22 டிகிரியில் குளிர்... லண்டனுக்கு 28 டிகிரியில் வெப்ப அலை! உடல் எப்படிக் கணக்குப் போடுகிறது?

டிசம்பர் மாத அதிகாலை, மெரினா கடற்கரை. வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருக்கிறார்கள், சிலர் குரங்கு குல்லாவில் காதை மூடியிருக்கிறார்கள். "என்னா குளிரு!" என்றபடியே டீக்கடையைத் தேடுகிறார்கள். இதே 22 டிகிரி லண்டனில் அடித்தால் கதையே வேறு. அரைக்கால் சட்டையோடு பூங்கா புல்வெளியில் படுத்து வெயில் காய்வார்கள்.

அப்படியென்றால் சென்னைக்காரர்கள் சும்மா அலட்டிக்கொள்கிறார்களா? இல்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். தெர்மாமீட்டர் காட்டும் எண் ஒன்றாக இருந்தாலும் அதை உணரும் உடல்கள் ஒன்றல்ல. இதில் கேலி, கிண்டலைத் தாண்டி உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது.

ஊருக்கு ஊர் மாறும் 'வெப்ப அலை'

லண்டனில் பகல் வெப்பநிலை தொடர்ந்து 3 நாட்கள் 28 டிகிரியைத் தொட்டாலே பிரிட்டன் வானிலை மையம் அதை வெப்ப அலை என்கிறது. ஸ்காட்லாந்தில் அந்த அளவு 25 டிகிரிதான். சென்னையில் ஜனவரி மாத மதிய நேரமே கிட்டத்தட்ட 29 டிகிரி. நமக்கு அது 'ஜில்லுன்னு இருக்கிற' சீசன்!

இந்திய வானிலை ஆய்வு மையமும் எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோலை வைப்பதில்லை. வெப்ப அலை என்று அறிவிக்க, சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி, மலைப்பகுதியில் 30 டிகிரி இருக்க வேண்டும். கூடவே, அந்த ஊரின் வழக்கமான அளவைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். ஊட்டிக்காரருக்கு எது வெயிலோ, அது வேலூர்க்காரருக்கு வெயிலே இல்லை என்பதை அரசின் அளவுகோலே ஒப்புக்கொள்கிறது.

தோல் எதை அளக்கிறது?

ஒரே அறையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரையும் மரப்பலகையையும் தொட்டுப் பாருங்கள். இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். ஆனால் டம்ளர்தான் சில்லென்று இருக்கும். கையில் உள்ள சூட்டை அது வேகமாக இழுத்துக்கொள்வதே காரணம். அதாவது, நம் தோல் காற்றின் வெப்பநிலையை அப்படியே அளப்பதில்லை. உடலிலிருந்து சூடு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைத்தான் உணர்கிறது. பைக்கில் போகும்போது குளிர் அதிகமாகத் தெரிவதும் இதனால்தான்.

தோலின் நரம்பு முனைகளில் சூட்டுக்குத் தனி, குளிருக்குத் தனி என உணரிகள் இருக்கின்றன. மிளகாய் எரிவதும், புதினாவில் உள்ள மென்தால் குளிர்வதும் இந்த உணரிகளைத் தூண்டுவதால்தான். இவை பற்றிய ஆய்வுக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகியோருக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் தகவல்களை வைத்து, உள் உடலின் சூட்டை 37 டிகிரியை ஒட்டி வைத்திருப்பது மூளையின் வேலை. குளிர்ந்தால் தோலுக்கு வரும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், உடல் நடுங்கும். சூடானால் அவை விரியும், வியர்க்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோரத்தில் அது லேசில் ஆவியாகாது. டெல்லியின் வறண்ட 40 டிகிரியைவிட சென்னையின் கசகசப்பான 36 டிகிரி பல நேரங்களில் வாட்டி எடுப்பது இதனால்தான்.

பழகிய உடல் என்ன செய்யும்?

வெயில் ஊருக்குப் புதிதாக வருபவரின் உடல் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. வியர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கும், அளவும் கூடும், அதில் வெளியேறும் உப்பு குறையும். ரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகரிக்கும். அதே வேலைக்கு இதயம் முன்புபோல வேகமாகத் துடிக்க வேண்டியிருக்காது. ஆனால் இது நிரந்தரமல்ல. சில வாரங்கள் வெயிலிலிருந்து விலகியிருந்தால் இந்தப் பழக்கம் போய்விடும்.

குளிருக்கும் உடல் பழகுகிறது. அடிக்கடி குளிரில் இருப்பவர்களுக்கு நடுக்கமும் அசௌகரியமும் குறைகின்றன. ஆனால் வெயிலுக்குப் பழகும் அளவுக்குக் குளிருக்கு உடல் மாறுவதில்லை. குளிரில் மனிதனைக் காப்பது பெரும்பாலும் வீடும் உடையும்தான்.

சைபீரியாவைவிட ஏதென்ஸில் குளிர் ஆபத்தா?

கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஐரோப்பாவின் பல பகுதிகளை ஒப்பிட்டு 1997-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் ஏதென்ஸில் இறப்புகள் சுமார் 2 சதவீதம் கூடின. கடுங்குளிர் நாடான பின்லாந்தின் தென்பகுதியில் அந்த உயர்வு 0.3 சதவீதம்கூட இல்லை. வெதுவெதுப்பான ஊர்களில் வீடுகள் குளிர்ந்து கிடந்தன, குளிரிலும் மக்கள் குறைவாகவே உடுத்தியிருந்தார்கள். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் நடந்த மற்றோர் ஆய்வில், குளிர் மைனஸ் 48 டிகிரி வரை இறங்கியபோதும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வயதினரின் மொத்த இறப்பு விகிதம் கூடவில்லை. வீட்டுக்குள் சூடு, வெளியே போனால் அடுக்கடுக்காக உடை. அவ்வளவுதான் ரகசியம்.

இதே கணக்கு வெயிலில் தலைகீழாகிறது. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டன் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். வேலூரில் மே மாதத்தில் சாதாரணமாகக் கடந்துபோகும் அளவு அது. ஆனால் அங்கே வீடுகள் சூட்டை உள்ளே தக்கவைக்கக் கட்டப்பட்டவை. பெரும்பாலான வீடுகளில் ஏசியும் கிடையாது, மின்விசிறி மாட்டும் வழக்கமும் இல்லை. அந்தக் கோடையில் ஐரோப்பா முழுவதும் 61 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வெப்பத்தால் இறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

யாருக்கு அதிக ஆபத்து?

புதிதாக வந்தவர்களுக்குத்தான். பணியிடங்களில் வெப்பத்தால் ஏற்படும் மரணங்களில் கிட்டத்தட்ட பாதி, வேலையின் முதல் நாளிலேயே நிகழ்கின்றன என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்புத் துறை. முதல் வாரத்தைச் சேர்த்தால் அது 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதனால் வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் 20 சதவீத நேரம் மட்டுமே வேலை கொடுத்து, தினமும் 20 சதவீதமாகக் கூட்ட வேண்டும் என்பது அங்குள்ள பரிந்துரை.

தமிழ்நாட்டிலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு இது முக்கியம். 'நாம பார்க்காத வெயிலா' என்ற தெம்போடு போனாலும், அந்த ஊர் வெயிலுக்கு உடல் பழக நாள் எடுக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. விடுமுறையில் ஊருக்கு வந்து சில வாரங்கள் தங்கிவிட்டுத் திரும்புபவர்களும் முதல் சில நாட்கள் புதியவர்களைப் போலவே கவனமாக இருக்க வேண்டும்.

முதியவர்களுக்குச் சூட்டையும் குளிரையும் உணரும் திறன் குறைகிறது, வியர்ப்பதும் குறைகிறது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று தாத்தா சொன்னாலும், தண்ணீரோ போர்வையோ கொடுப்பது நல்லது.

தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிழலுக்கு வந்து, தண்ணீர் குடித்து, உடலை நனைத்துக் குளிர்விக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ, நினைவு தப்பினாலோ அது மருத்துவ அவசரம். தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

எனவே, அடுத்த முறை யாராவது "இதெல்லாம் ஒரு குளிரா?", "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று கேட்டால், அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று முதலில் கேளுங்கள். வந்து எத்தனை நாள் ஆச்சு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.