மூச்சு வாங்கினால் நடவுங்கள்

சகோதரிகளே, எங்களுக்கு ஓட்டம் என்றாலே இடப்பெயர்வுதான் ஞாபகம். ஷெல்லுக்குப் பயந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக நின்றோம். இனி எங்கள் உடம்புக்காகவும் மனதுக்காகவும் ஓடினால் என்ன?

முல்லைத்தீவு, முள்ளியவளையைச் சேர்ந்த திருமதி அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன் 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் வேகநடையிலும் 5000 மீற்றர் ஓட்டத்திலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 72.

கிழமையில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். முதலில் 5 நிமிடம் நடவுங்கள். பிறகு 1 நிமிடம் மெதுவாக ஓடி, 2 நிமிடம் நடவுங்கள். இப்படி 8 தடவை. கதைத்துக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கினால் நடவுங்கள், அது தோல்வியல்ல. கிழமைக்குக் கிழமை ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டுங்கள். மூன்று மாதமளவில் பலருக்கு 5 கிலோமீற்றர் கைகூடும்.

நெஞ்சுவலி, பிரஷர் உள்ளவர்களும் உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்களும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். கண்ணிவெடிப் பயம் உள்ள பற்றைக்காட்டுக் குறுக்குப்பாதை வேண்டாம். பள்ளிக்கூட மைதானம் போதும். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

“இந்த வயதில் ஓட்டமா?” என்று கேட்பவர்களுக்கு முள்ளியவளை அம்மாவின் வயதைச் சொல்லுங்கள்.