21 நாள் கணக்கு: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையும் அன்றாட வாழ்க்கையும்

இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அதற்கான சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை ஆகியவற்றில் எவை தேவை, எது முதலில் என்பதைக் கட்டியின் அளவு, பரவல், தன்மை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். இத்தனை மாதங்களில் மருத்துவமனையில் கழிவது கொஞ்ச நேரம்தான். கீமோ ஏற்றிக்கொள்ளக் காலையில் போனவர் பெரும்பாலும் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார். வாந்தி, காய்ச்சல், களைப்பு, பயம் எல்லாம் வீட்டில்தான் வருகின்றன. ஆகவே எந்த வாரத்தில் எது வரும், எதற்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வீட்டார் அறிந்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கீமோ: மூன்று வாரச் சுற்று

பரவலாகத் தரப்படும் முறை ஒன்றில் டாக்ஸோருபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரு மருந்துகளை 21 நாளைக்கு ஒருமுறை 4 தவணைகளாக ஏற்றுவார்கள். பிறகு பாக்லிடாக்செல் வாரந்தோறும் 12 தவணை. ஒவ்வொரு தவணைக்கும் முன்பு ரத்தப் பரிசோதனை உண்டு. ரத்த அணுக்களின் எண்ணிக்கை (‘கவுண்ட்’) குறைந்திருந்தால் தவணை தள்ளிப்போகும். டாக்ஸோருபிசின் சிவப்பு நிற மருந்து. ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போவது மருந்தின் நிறத்தால்தான், பயப்பட வேண்டியதில்லை.

21 நாள் சுற்றில் முதல் வாரம் குமட்டலின் வாரம். தாளிக்கும் வாசனையே வயிற்றைப் புரட்டும். சமையலறைக் கதவைச் சாத்தி வைப்பதும், சூடு ஆறிய உணவைக் கொடுப்பதும் உதவும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து இட்லி, இடியாப்பம், கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், அவித்த முட்டை என்று கொடுக்கலாம். குமட்டல் மாத்திரையை வாந்தி வரும்வரை காத்திராமல், சொன்ன நேரத்தில் போட வேண்டும். அந்த மாத்திரைகளில் சில மலச்சிக்கல் தரும். உடன் தரப்படும் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். முதல் 48 மணி நேரம் சிறுநீர், வாந்தி வழியாக மருந்து வெளியேறும் என்பதால் கழிப்பறையில் இருமுறை நீர் ஊற்றுவதும், அழுக்கான துணியைக் கையுறை போட்டுத் தனியே துவைப்பதும் நல்லது.

இரண்டாம் வாரத்தில்தான் கவனம் அதிகம் தேவை. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் ரத்த வெள்ளை அணுக்கள் மிகவும் குறைகின்றன. வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தே ஆக வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்துவிட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நாட்களில் கூட்டமான விசேஷங்களையும் வேகாத உணவையும் தவிர்ப்பது நல்லது. வாய்ப்புண்ணுக்கு, கொதித்து ஆறிய ஒரு தம்ளர் நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் கொப்பளிக்கலாம்.

மூன்றாம் வாரத்தில் நாக்குக்கு ருசியும் உடம்புக்குத் தெம்பும் திரும்பும். வேலைக்குப் போவதையும் வெளியூர்ப் பயணத்தையும் இந்த வாரத்தில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

முதல் தவணை முடிந்து இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்கும். தலையணையிலும் சீப்பிலும் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்ப்பதைவிட, முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்வது பலருக்கு மன ஆறுதல் தருகிறது. ‘பழனிக்குப் போனீங்களா’ என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது அவரவர் விருப்பம். விளக்கம் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. கீமோ முடிந்து சில மாதங்களில் முடி மீண்டும் வளரும். பாக்லிடாக்செல் தொடங்கினால் விரல் நுனி மரத்துப்போகலாம். ரவிக்கை ஊக்கை மாட்ட முடியவில்லை, கையிலிருந்து தம்ளர் நழுவுகிறது என்றால் அடுத்த தவணைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்ற முடியும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின்

மார்பகம் முழுவதையும் அகற்றினாலும், கட்டியை மட்டும் அகற்றினாலும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தால் பொதுவாக ஒரு குழாயும் அதன் முனையில் சிறு பாட்டிலுமாக வீடு திரும்ப வேண்டியிருக்கும். பாட்டிலில் சேரும் நீரை அளந்து, எத்தனை மில்லி என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நீர் குறைந்த பிறகே குழாயை எடுப்பார்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இந்த நாட்களுக்கு ஏற்றது.

தோள் இறுகிவிடாமல் இருக்கப் பயிற்சி அவசியம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மேலே ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பக்கக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம். கனமான குடத்தைத் தூக்குவதை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தி, பிறகு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும் மறு கையைக் கொடுக்கலாம். கை சிவந்து சூடாக இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

‘கரண்ட்’ வைக்கும் வாரங்கள்

கதிர்வீச்சைப் பலர் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்கள். அதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, வலியும் இல்லை. வாரம் ஐந்து நாள், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வாரம். வெளியிலிருந்து தரும் இந்தக் கதிர் உடலில் தங்காது என்பதால் குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். மார்பில் போட்ட மை அடையாளங்களைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. கறுத்து எரியும் தோலுக்குத் தளர்வான பருத்தி உடையே நல்லது. அங்கே பவுடரும் வாசனைச் சோப்பும் வேண்டாம்.

தினமும் போய்வருவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய சுமை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற மையங்களுக்கு வெளியூர்களிலிருந்து வருபவர்கள் வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனைச் சான்றிதழ் காட்டினால் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறலாம். நோய் உறுதியானவுடனேயே இவற்றை விசாரித்துவிடுவது நல்லது.

வீடு மாற வேண்டியது

நம் வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுபவர் பெரும்பாலும் பெண்தான். அவரே நோயாளியாகும்போது ‘ரெஸ்ட் எடு’ என்று சொன்னால் மட்டும் போதாது. சமையல், துணி, பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருந்து என ஒவ்வொரு வேலைக்கும் இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். அவர் தேறிய நாட்களில் விரும்பிச் செய்யும் வேலையைத் தடுக்கவும் வேண்டாம். தினமும் சிறிது தூரம் நடப்பது களைப்பைக் குறைக்கிறது. புற்றுநோய் தொற்றுநோய் இல்லை. தனித்தட்டு, தனித்தம்ளர் வைப்பது அவர் மனத்தைப் புண்படுத்துமே தவிர யாரையும் காக்காது. குழந்தைகளிடம் வயதுக்கேற்ற வார்த்தைகளில் உண்மையைச் சொல்லலாம். நாட்டு மருந்து எதுவானாலும் மருத்துவரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். அவற்றில் சில, கீமோ மருந்தின் வேலையையே கெடுத்துவிடும்.

மாத்திரை ஆண்டுகள்

ஹார்மோன் சார்ந்த கட்டியாக இருந்தால் டமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் போன்ற மாத்திரையை ஐந்து ஆண்டுகளாவது, சிலர் பத்து ஆண்டுகள்வரை, தினமும் போட வேண்டும். உடம்பில் திடீர்ச் சூடு, மூட்டு வலி போன்றவை வரும். அதற்காகத் தானே மாத்திரையை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் மாற்றுவழி கேட்க வேண்டும். ஹெர்2 வகைக் கட்டிக்குத் தரும் டிராஸ்டுசுமாப் ஊசி பொதுவாக ஓராண்டு தொடரும். இடையிடையே இதயத்துக்கு எக்கோ பரிசோதனை உண்டு. சிகிச்சை முடிந்த பிறகும் குறித்த தேதியில் மருத்துவரைப் பார்ப்பதும் ஆண்டுக்கொரு மேமோகிராமும் தொடர வேண்டும். புதிய கட்டி, தீராத எலும்பு வலி, விடாத இருமல், காரணமற்ற மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்ட வேண்டும்.