நகரின் கழிவுநீரும் கமக்காரரின் வாய்க்காலும்

நீர் பள்ளத்தை நாடும் என்பதைக் கமக்காரருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேட்டில் இருப்பவன் விட்ட நீர் தாழ்விலிருப்பவனின் வயலை அடையும். நகரத்து வீட்டின் குசினியிலும் குளியலறையிலும், உணவுச்சாலையிலும், வாகனங்கள் கழுவும் இடத்திலும், அரிசி ஆலையிலும் பயன்பட்டுக் கழிந்த நீரும் இவ்விதிக்கு விலக்கன்று. அது கானிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கோ குளத்துக்கோ சென்று, ஈற்றில் மதகு வழியாக வயலையும் தோட்டத்தையும் வந்தடைகின்றது. ஆதலின், கழிவுநீரைக் குழாயிலும் கானிலும் விடுவது பற்றி அரசும் உள்ளூராட்சிச் சபைகளும் வகுத்துள்ள விதிகள் நகரவாசிகளுக்கு மாத்திரம் உரியன என எண்ணுதல் தவறாகும். அவ்விதிகள் மீறப்படும்போது நட்டத்தைச் சுமப்பவர் கீழ்ப்புறக் கமக்காரரே. அவற்றின் உட்பொருளை அறிந்திருத்தல் அவருக்குப் பெரிதும் பயன்தரும்.

குழாயில் எதை விடலாம்?

கொழும்பு நகரின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. ஆயினும் இன்றும் இலங்கையின் மக்கட்டொகையுள் மிகச் சிறிய பங்கினரே இத்தகைய குழாய்த் தொகுதிகளோடு இணைக்கப்பட்டுள்ளனர். ஏனையோர் மலக்குழிகளையும் உறிஞ்சு குழிகளையும் நம்பியிருக்கின்றனர். குசினி நீரும் குளியல் நீரும் பல இடங்களில் நேரே தெருக்கானை அடைகின்றன.

குழாய்த் தொகுதி உள்ள இடங்களில் விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் ஒரே தன்மையன. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுதல் ஆகாது. விட்டால், பெருமழையின்போது குழாய் நிரம்பி, மலநீர் ஆளிறங்கு குழிகளின் வழியே மேலெழுந்து கானில் வழிந்தோடும். எண்ணெயையும் கொழுப்பையும் விடுதல் ஆகாது. அவை குழாயினுள் உறைந்து அடைப்பை உண்டாக்கும். உணவுச்சாலைகள் கொழுப்புப் பொறித் தொட்டி அமைக்க வேண்டும் என்பது இதன் பொருட்டேயாம். அமிலம், காரம், பெற்றோல், நிறமூட்டும் இரசாயனங்கள் ஆகியவற்றை விடுதலும் ஆகாது. சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்று நீரைத் தூய்மையாக்குபவை உயிருள்ள பக்றீரியாக்கள். நஞ்சு கலந்த நீர் வந்தால் அவை மடியும். அதன்பின் நிலையத்தினுள் புகுந்த அழுக்கு நீர் ஏறக்குறைய அவ்வண்ணமே வெளியேறும்.

ஈயம், கட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களைப் பக்றீரியாக்களால் அழிக்க இயலாது. அவை சேற்றில் தங்கும். அச்சேறு பசளை எனப் பெயர் பெற்று வயலுக்கு வருமாயின் உலோகமும் உடன் வந்து மண்ணில் நிலைத்துவிடும். நகரத்திலே ஒரு பட்டறை விதியைப் புறக்கணித்ததன் விளைவு, பல ஆண்டுகளின் பின் ஒரு தோட்டத்தின் மண்ணில் தெரியக்கூடும்.

சட்டம் கூறுவது

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை நிறுவப்பட்டது. 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்கு மேலும் வலுவளித்தது. விதித்துரைக்கப்பட்ட தொழில்களை நடத்துவோர் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இன்றியும், அதன் நிபந்தனைகளுக்கு மாறாகவும் கழிவை வெளியேற்றலாகாது என்பதே இதன் சாரம். உரிமம் என்றென்றைக்கும் உரியதன்று; குறித்த காலத்துக்கே வழங்கப்படும்; பின்னர் புதுப்பிக்கப்படல் வேண்டும்.

2008ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் கழிவுநீரின் தரத்தை எண்களால் வரையறுத்தன. உள்நாட்டு ஆறு, ஓடை, குளம் ஆகியவற்றில் விடப்படும் தொழிற்சாலைக் கழிவுநீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமையும், மிதக்கும் திண்மங்கள் 50 மில்லிகிராமையும் தாண்டலாகாது. நீர்ப்பாசனத்துக்காக நிலத்தில் விடப்படும் நீருக்கு வேறு அளவுகள் உள: உயிரிரசாயன ஒட்சிசன் தேவை 250 மில்லிகிராம், கரைந்துள்ள திண்மங்கள் 2,100, குளோரைட்டு 600, எண்ணெயும் கொழுப்பும் 10, போரன் 2 மில்லிகிராம் என்பன அவற்றுட் சில.

உயிரிரசாயன ஒட்சிசன் தேவை என்பது யாது? நீரிலுள்ள அழுகும் பொருள்களைப் பக்றீரியாக்கள் தின்னும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை எவ்வளவு செலவிடுகின்றன என்பதன் அளவே அது. பொதுவாக 20 பாகை வெப்பநிலையில் 5 நாட்கள் வைத்து இதனை அளப்பர். அளவு கூடக்கூட நீரின் அழுக்கும் கூடும்.

ஓடைக்கு 30 என்றும் நிலத்துக்கு 250 என்றும் ஏன் இத்துணை வேறுபாடு? காற்றோட்டமுள்ள மேட்டுநில மண், அழுகும் பொருளை வடிகட்டித் தன் நுண்ணுயிர்களால் சீரணிக்கவல்லது. ஓடை நீரிலோ கரைந்த ஒட்சிசன் மிகக் குறைவு. அது தீர்ந்தால் மீன் மடியும், நீர் கறுத்து நாறும். இங்கே நெற்செய்கையாளர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். நீர் தேங்கி நிற்கும் நெல்வயல் மேட்டுநிலத்தை ஒத்ததன்று. அதன் மண்ணில் காற்று அரிது. மேட்டுநிலம் தாங்கும் அழுக்கை நெல்வயல் தாங்கும் என எண்ணி ஏமாறலாகாது.

நெல்வயலில் நேர்வது

கழிவுநீரில் பசளைச் சத்து உண்டு என்பது மெய்யே. வீட்டுக் கழிவுநீர் ஒரு லீற்றரில் 40 மில்லிகிராம் நைதரசன் இருத்தல் சாதாரணம். அத்தகைய நீர் ஓர் ஏக்கரில் 4 அங்குல உயரத்துக்கு ஒருமுறை பாய்ந்தால் ஏறக்குறைய 16 கிலோகிராம் நைதரசன் வயலுக்குள் வரும். இது 35 கிலோகிராம் யூரியாவுக்குச் சமன். கமக்காரர் இதனைக் கணக்கிற் சேர்க்காது வழக்கமான யூரியாவையும் இடுவாராயின் பயிர் கரும்பச்சையாகச் செழித்து, பின்னர் சாயும். எரிபந்த நோயும் கபிலத் தத்தியும் அத்தகைய பயிரையே பெரிதும் நாடும். முதிர்ச்சி பிந்தும், சப்பி மிகும். பசளையை விலைகொடுத்து வாங்கி விளைச்சலை இழக்கும் நிலை இதுவே.

அரிசி ஆலைகளின் நீர் பற்றியும் கூறல் வேண்டும். புழுங்கல் அரிசிக்காக ஒரு கிலோகிராம் நெல்லை ஊறவைக்க ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் தேவை. ஊறிய நீரில் நெல்லிலிருந்து கரைந்த சீனியும் மாவும் பிற சேதனப் பொருள்களும் நிறைந்திருக்கும். சுத்திகரியாது வாய்க்காலில் விட்டால் அது விரைவில் புளித்து, ஒட்சிசனை உறிஞ்சித் துர்நாற்றம் வீசும். ஆலைக்கு நெல் கொடுப்பவரும், அதன் நீரால் இடருறுபவரும் ஒரே ஊர்க் கமக்காரராயிருத்தல் உண்டு. ஆலை நடத்துபவரோடு பகைமையின்றிப் பேசி, தொட்டிகள் அமைக்கச் செய்தல் இரு சாராருக்கும் நன்மையாகும்.

மரக்கறித் தோட்டத்தில் நேர்வது

மரக்கறிக்கு முதற் கேடு உப்பு. மண்கரைசலின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 தெசிசீமனை எட்டும்வரை நெல் விளைச்சல் பெரிதும் குன்றாது. ஆனால் போஞ்சியும் கரட்டும் 1 தெசிசீமனைக் கடந்தவுடனேயே குன்றத் தொடங்கும், வெங்காயம் 1.2ஐக் கடந்ததும், மிளகாய் 1.5ஐக் கடந்ததும் குன்றும். சவர்க்காரத்திலும் சலவைத் தூளிலும் உள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைச் சிதைக்கும். நீர் உட்புகாது மேலே தேங்கி, காய்ந்தபின் மண் ஓடுபோல் இறுகுமாயின் சோடியம் மிகுந்துள்ளதோ என ஐயுறல் வேண்டும்.

இரண்டாவது கேடு நோய். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், சலாது போன்றவற்றைப் பச்சையாகவோ அரைகுறையாக வதக்கியோ உண்பது வழக்கம். மலம் கலந்த நீரை இலைமேல் தெளித்தால் வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் உண்டாக்கும் கிருமிகள் உண்பவரை நேரே அடையும். வட்டப்புழுவின் முட்டைகள் ஈரமண்ணில் மாதக்கணக்கிலும், சிலவேளை ஆண்டுக்கணக்கிலும் உயிரோடிருக்கும். வெறுங்காலோடு வேலை செய்வோரையும், வரம்பில் விளையாடும் பிள்ளைகளையும் கொக்கிப்புழு பற்றக்கூடும். 1989ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், பச்சையாக உண்ணும் பயிர்களுக்கான நீரில் புழு முட்டை லீற்றருக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது என்றும், மலக் கோலியுரு பக்றீரியாக்கள் 100 மில்லிலீற்றருக்கு 1,000க்கு மேற்படலாகாது என்றும் கூறியது. 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், நீரின் தரத்தை மட்டும் நம்பாது, வயல் முதல் குசினி வரை பல தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைக்குமாறு அறிவுறுத்தியது.

குழாயில்லாத ஊர்களில்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை தனித்தன்மையுடையது. அங்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை, சுண்ணாம்புப் பாறையினுள் தங்கிய மழைநீரே கிணற்றுக்கு ஊற்று. பாறையில் வெடிப்புகளும் குகைகளும் மிகுதி. ஆகவே மலக்குழியிலிருந்து கசியும் நீர், மண்ணால் வடிகட்டப்படாமலே கிணற்றை அடையக்கூடும். தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியாவும் எருவும் இவ்வாறே கீழிறங்கி நைத்திரேற்றாக மாறும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தாண்டினால் புட்டிப்பால் உண்ணும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். குடாநாட்டின் பல கிணறுகளில் இவ்வளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே அங்கே கமக்காரரும் கழிவை வெளியேற்றுபவருள் ஒருவரே. குழியின் அடியை நீர்புகாவண்ணம் கட்டுவதும், பசளையைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து இடுவதும் தம் பிள்ளைகளின் குடிநீரைக் காப்பதேயாகும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. வாய்க்காலின் மேற்புறத்தை ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் நடந்து பார்த்து, எக்கான் எங்கே கலக்கின்றது என்பதைக் கமக்காரர் அமைப்பு குறித்து வைத்தல் வேண்டும்.

2. நீரின் நிறம் மாறினாலும், நுரை அல்லது எண்ணெய்ப் படலம் தோன்றினாலும், மீன் மடிந்தாலும் நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தல் வேண்டும். இயலுமாயின் புகைப்படமும் எடுத்தல் நன்று.

3. முறைப்பாட்டை எழுத்தில் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ கொடுத்து, பிரதியை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அனுப்புதல் வேண்டும். மலநீர் பற்றியதாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்தல் வேண்டும். தனியொருவரின் கடிதத்திலும் அமைப்பின் கடிதம் வலுவுடையது.

4. நீர் மாதிரியை அலுவலரின் முன்னிலையில், கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எடுக்கச் செய்தல் வேண்டும். கேடு எங்கிருந்து வந்தது என்பதை இவ்விரண்டின் வேறுபாடே மெய்ப்பிக்கும்.

5. வேறு நீர் இல்லாதபோது, வாய்க்கால் நீரை நேரே இறைக்காது குட்டையொன்றில் சில நாட்கள் தேங்கவிடல் வேண்டும். புழு முட்டைகள் அடியிற் படியும். இறைக்கும் குழாயின் வாய் அடியைத் தொடாதிருத்தல் அவசியம்.

6. இலைமேல் பூவாளியால் தெளிப்பதை விடுத்துச் சால்வழியே வேரடிக்குப் பாய்ச்சுதல் வேண்டும். அறுவடைக்கு முன் சில நாட்கள் அந்நீரை நிறுத்தினால், வெயிலிலும் உலர்விலும் கிருமிகள் நாளுக்கு நாள் குறையும்.

7. பறித்த கீரையைக் கானில் கழுவலாகாது. தூய நீரில் கழுவினால் கிருமிகள் ஏறக்குறைய பத்திலொரு பங்காகும். கான் நீரில் கழுவினால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும்.

8. நல்ல நீர் கிடையாத தோட்டத்தில் பச்சையாக உண்ணும் கீரைகளைத் தவிர்த்து, சமைத்தே உண்ணும் பயிர்களையும் நிலத்தைத் தொடாது காய்ப்பனவற்றையும் நடுதல் சிறந்தது.

9. கால்களுக்கு இறப்பர்ப் பாதணியும் கைகளுக்குக் கையுறையும் அணிதல் வேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

10. பவுசரில் வரும் மலக்கழிவை இலவசப் பசளை என எண்ணி வயலில் கொட்ட இடமளித்தலாகாது. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்ல வேண்டியது.

உரிமையும் கடமையும்

கழிவுநீர் விதிகள் மேற்புறத்தாரைக் கட்டுவன. அவற்றின் பயனைப் பெறுபவர் கீழ்ப்புறத்தார். எனவே விதி நடைபெறுகின்றதா என வினவும் உரிமை கமக்காரருக்கு உண்டு. வினவாத இடத்தில் வர்த்தமானியின் எண்கள் தாளிலேயே தங்கிவிடும். அதேவேளை தெளிபம்பைக் கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றுபவரும், வெற்று நாசினிப் போத்தலைக் குளத்தில் எறிபவரும் தமக்குக் கீழுள்ள கமக்காரருக்கு அதே தீங்கைச் செய்பவராவர். அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பு நாளையும் நீர் திறக்கும் நாளையும் தீர்மானிக்கும்போது, வாய்க்காலில் கலக்கும் கான்களைப் பார்வையிடும் நாளொன்றையும் குறித்துக்கொள்வார்களாயின், அப்போகத்தின் நீரை மட்டுமன்றி அடுத்த தலைமுறையின் மண்ணையும் அவர்கள் காத்தவராவர்.