கரையேறிய பின்னும் ஆடும் தரை

டில்லியிலிருந்தோ ஜம்முவிலிருந்தோ இரண்டு இரவுகளை ரயிலில் கழித்து ஊர் போய்ச் சேர்ந்த அன்று, பாயில் தலை சாய்த்ததும் ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோல் தோன்றுவது நேயர்களுக்குப் புதிதன்று. முதுகுக்குக் கீழே தண்டவாளத்தின் தாளம் கேட்கும். தரை இலேசாக அசையும். சுவரில் மாட்டிய காலண்டர் அசையாதிருப்பதைக் கண்டு நாமே நகைத்துக்கொள்வோம். மறுநாள் காலை காபி அருந்துவதற்குள் அது மறைந்துவிடும். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குக் கோடை விடுமுறைதோறும் கிட்டும் இந்த அனுபவத்தைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டியதும் இல்லை. ஆனால் ரயிலுக்குப் பதிலாகக் கப்பல் என்றாகும்பொழுது, விஷயம் சற்றே வேறு உருவம் கொள்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தமாக நாம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானின் தலைநகருக்குக் கப்பலில் சென்றோம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற அந்நகரை அப்பொழுது போர்ட் பிளேயர் என்றே அழைத்து வந்தனர். ஏறத்தாழ மூன்று நாள் பிரயாணம். முதல் நாள் முழுவதும் அறையில் சுருண்டு கிடந்தோம். மொழிபெயர்க்கக் கொண்டு சென்ற காகிதக் கட்டினைப் பிரித்தது பெருந்தவறு. இரண்டு பக்கம் படிப்பதற்குள் குமட்டல் வந்துவிட்டது. அந்தமானிலேயே நாற்பது ஆண்டு கழித்த பெரியவர் ஒருவர், “தம்பி, உள்ளே படுத்தே கிடந்தா தீராது. மேலே வாங்க. கடலும் வானமும் ஒட்டுற கோட்டையே பாத்துக்கிட்டு நில்லுங்க” என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. மூன்றாம் நாள் நாம் கையில் தேநீர்க் குவளையுடன், ஒரு சொட்டும் சிந்தாமல், கப்பலின் நடைவழியில் உலவினோம். கடலை வென்றுவிட்டதாகவே நினைத்தோம்.

தங்கும் விடுதியின் குளியலறையில் அந்த நினைப்பு தகர்ந்தது. முகத்திற்குச் சோப்பிட்டுக் கண்ணை மூடினோமோ இல்லையோ, தரை மெல்ல எழுந்து, மெல்லத் தாழ்ந்தது. சுவரைப் பற்றிக்கொண்டிராவிடில் விழுந்திருப்போம். இரண்டு நாள் இவ்வாறு இருந்து, பிறகு தானே ஒழிந்தது.

இதன் காரணத்தை அறிய உட்செவியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும். செவியின் உட்பகுதியில், கேட்பதற்குரிய உறுப்பை ஒட்டி, மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்புவதை அவை அறிவிக்கின்றன. அவற்றின் அடியில் இரு சிறு பைகள். அவற்றினுள்ளே சுண்ணாம்புப் பொருளாலான நுண்மணிகள் படிந்துள்ளன. உடல் முன்னே செல்வதையும், மேலெழுந்து தாழ்வதையும், சாய்வதையும் இம்மணிகளின் அசைவினால் மூளை உணர்கிறது. கண் காண்பதும், பாதமும் தசைகளும் உணர்வதும் இத்துடன் சேர்ந்து கணக்கிடப்படுகின்றன. கப்பல் அறையில் இருக்கும்பொழுது சுவரும் கட்டிலும் நம்முடனேயே ஆடுவதால், கண் “அசைவில்லை” என்கிறது. செவி “அசைகிறாய்” என்கிறது. இம்முரண்பாட்டிலிருந்தே குமட்டல் பிறக்கிறது. தொடுவானத்தைப் பார்க்கையில் கண்ணும் செவியும் ஒரே சாட்சி சொல்வதால் குமட்டல் தணிகிறது. பெரியவரின் வைத்தியம் பலித்த இரகசியம் இதுவே.

ஆயினும் மூளை வெறும் கணக்குப்பிள்ளை அன்று. அது கற்றுக்கொள்ளும் மாணவனுமாகும். இரண்டொரு நாளில் அலையின் ஏற்ற இறக்கத்தை அது மனப்பாடம் செய்துவிடுகிறது. அடுத்த சாய்வு எப்பொழுது வரும் என்பதை முன்கூட்டியே ஊகித்துக் கால் தசைகளுக்குக் கட்டளையிடுகிறது. தேநீர் சிந்தாததன் பெருமை அதற்கே உரியது. கரையில் இறங்கியபின் அலை இல்லை. ஆனால் ஊகம் நிற்பதில்லை. வராத அலைக்காக மூளை சாய்ந்து கொடுக்கிறது. அந்தச் சாய்வே நமக்குத் தரையின் ஆட்டமாகத் தோன்றுகிறது.

இது இன்று நேற்றுக் கண்டறிந்த செய்தியும் அன்று. பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வினின் பாட்டனாரும் மருத்துவருமான எராஸ்மஸ் டார்வின், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட தமது ‘சூனோமியா’ என்னும் நூலில் இதைக் குறித்திருக்கிறார். அவருடைய பேரரோ 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றியபொழுது கடல் நோயினால் ஓயாது வருந்தினார். பிரெஞ்சு மொழியில் இந்நிலைக்கு ‘மால் தெ தெபார்க்மான்’ என்று பெயர்; ‘கரையிறங்கும் நோய்’ என்பது நேர்ப்பொருள். மருத்துவ உலகம் எங்கும் அப்பெயரையே வழங்குகிறது. தமிழில் ‘கரைமயக்கம்’ என்று சொல்லிப் பார்த்தோம். மயக்கம் என்றதும் நினைவு தப்புதல் என்று கொள்வோர் உண்டாகையால் அதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. மொழிபெயர்ப்பாளனின் தலைவிதி!

பெரும்பாலோர்க்கு இது சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ நீங்கிவிடும். சிலருக்கு நீங்குவதில்லை. அதைக் கூறவே இவ்வளவும் சொல்ல வந்தோம்.

டில்லியில் எமது குடியிருப்பில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் அம்மையார் ஒருவர், குடும்பத்துடன் மும்பையிலிருந்து உல்லாசக் கப்பலில் சென்று திரும்பினார். மூன்று வாரம் கழித்து மாடிப்படியில் எம்மைக் கண்டு, “அண்ணா, நின்னா தரை பஞ்சு மெத்தை மாதிரி இருக்கு. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க நிக்க முடியல. ஸ்கூட்டர்ல போறப்ப மட்டும் நல்லா இருக்கேன்” என்றார். “எமக்கும் வந்ததம்மா, இரண்டு நாளில் போய்விடும்” என்று சொல்லிவிட்டு நாம் மேலே ஏறிப் போனோம். மூன்று வாரம் என்று அவர் சொன்னது எம் செவியில் ஏறவில்லை. வண்டியில் சென்றால் நன்றாயிருக்கிறது என்றதும் ஏறவில்லை.

அவர் பல மருத்துவரிடம் சென்றார். கழுத்து எலும்பைப் படம் எடுத்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், செவியைச் சோதித்தார்கள். யாவும் சீராக இருந்தன. மனக்கவலை என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதன்பின் வீட்டிலும் அவர் சொல்லை ஐயுறத் தொடங்கினர். சமையலறையில் நிற்கச் சோம்பல் என்றுகூடப் பேச்சு எழுந்ததாம். ஐந்து மாதம் கழித்து நரம்பியல் மருத்துவர் ஒருவர், “வண்டி ஓடும்பொழுது எப்படி இருக்கிறது?” என்று கேட்ட கணத்தில் அவர் அழுதுவிட்டார்.

அக்கேள்வியே இந்நோயைக் கண்டறியும் திறவுகோல். பிற தலைச்சுற்றல்கள் வாகனத்தில் மிகும். இதுவோ வாகனத்தில் குறைந்து, இறங்கியதும் திரும்பும். பாராணி சங்கம் என்னும் அனைத்துலக மருத்துவர் அமைப்பு 2020-இல் வகுத்த இலக்கணத்தின்படி, பிரயாணம் முடிந்த 48 மணி நேரத்திற்குள் தொடங்கி, 48 மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும் ஆட்ட உணர்வு இது. ஒரு மாதத்தைக் கடந்தால் நிலைத்த வகை எனப்படும். நடுவயதுப் பெண்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. செவியில் பழுது இருப்பதில்லை. ஆகவே சோதனைகள் சீராக இருப்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

கடல் நோய்க்கு உண்ணும் மாத்திரைகள் கப்பலேறுமுன் உட்கொண்டால் பயன் தரும். கரையிறங்கிய பின் வரும் ஆட்டத்திற்கு அவை பெரும்பாலும் உதவுவதில்லை. உறக்கமும் சோர்வுமே மிஞ்சும். நியூயார்க்கிலுள்ள மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் மிங்ஜியா டாய் என்பவரும் அவருடைய குழுவினரும் 2014-இல் ஒரு புது முறையை வெளியிட்டனர். நோயாளியைச் சுற்றிலும் கோடுகள் நகருமாறு செய்து, அவர் தலையை இருபக்கமும் மெல்லச் சாய்த்து ஆட்டினர். மூளை மனப்பாடம் செய்த பாடத்தை அழிக்கும் முயற்சி இது. 24 பேரில் 17 பேர் முழுமையாகவோ பெருமளவோ குணமடைந்தனர். இவ்வசதி எல்லா ஊரிலும் கிட்டுவதன்று. அதுவரை செய்யக்கூடியவை எளியவையே: நாள் முழுதும் படுத்திராமல் திறந்த வெளியில் தொலைவைப் பார்த்து நடத்தல், குறைவின்றி உறங்குதல், குளியலறையில் பிடிமானம் வைத்துக்கொள்ளல், பரணில் பொருள் எடுக்க முக்காலியில் ஏறாதிருத்தல். வண்டியில் சுகமாயிருக்கிறதென்று ஓயாது வண்டியிலேயே சுற்றுவதால் பயனில்லை. நின்றதும் ஆட்டம் திரும்பிவிடும்.

ஆனால் தலை சுழன்று வாந்தி நிற்காதிருத்தல், பேச்சுக் குழறல், பொருள் இரண்டாகத் தெரிதல், கை கால் தளர்தல், திடீரெனச் செவி கேளாமை, தாங்கவொண்ணாத தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணின், அது கரைமயக்கம் அன்று. கப்பலைக் காரணம் காட்டிக் காலம் தாழ்த்தாது உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

அம்மையாருக்கு ஏறத்தாழ ஓராண்டில் ஆட்டம் படிப்படியாகக் குறைந்தது. மிகக் களைத்த நாளில் இன்றும் சிறிது தலைகாட்டுகிறது. இடையில் ஒரு கோடையில் அவர் தாய் வீட்டிற்குச் செல்லவில்லை. ரயிலை எண்ணி அஞ்சினார். அடுத்த கோடையில் மருத்துவரைக் கலந்து புறப்பட்டார். ஊர் சேர்ந்த நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை நாம் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டோம்.

“இறங்கினதும் ரெண்டு நாள் ஆடிச்சு அண்ணா. நேத்து நின்னுடுச்சு. அம்மா கூட கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்தேன்” என்றார்.