இருபது வளைவுகளும் ஒரு தையலும்

சேலத்தில் சட்டை நனைய வேர்க்கும். சேர்வராயன் மலை அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறினால் காற்று மாறும். இருபதாவது கொண்டை ஊசி வளைவைக் கடக்கும்போது விரல் நுனி சில்லிட்டிருக்கும். கோடை விழாவுக்கு வரும் இளைஞர்களும், வேலைக்காகத் தினமும் பைக்கில் ஏறி இறங்குபவர்களும் லெதர் ஜாக்கெட் வாங்க முதல் காரணம் இந்தக் குளிர்தான். விழுந்தாலும் அது காப்பாற்றும் என்று கூடவே நம்புகிறார்கள். என் கவலை அந்த நம்பிக்கையைப் பற்றியது.

துணிக்கடையில் தொங்கும் ஜாக்கெட் பெரும்பாலும் மெல்லிய ஆட்டுத்தோல். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. குளிருக்குப் போதும், தார்ச்சாலையில் உரசப் போதாது. வண்டி ஓட்டுவதற்கென்றே தைத்தவை பொதுவாக 1.1 முதல் 1.3 மில்லிமீட்டர் மாட்டுத்தோல். தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலால் பிழைக்கும் ஊர்கள் இருக்கும் மாநிலம் இது. தோலைத் தடவிப் பார்த்து வாங்கும் பழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை.

தோலைவிடவும் எனக்குப் பயம் தையல் மேல்தான். நல்ல தோல் தேய்ந்து கிழிவதற்குள் மட்டமான தையல் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் தோல் விலகி, உடம்பு சாலையில் படும். தோள்பட்டையிலும் முழங்கையிலும் இரட்டைத் தையலாவது வேண்டும். அதில் ஒரு வரிசை மடிப்புக்குள் மறைந்திருக்க வேண்டும். வெளியே தெரியும் நூல்தான் முதலில் அறுபடும். பருத்தி நூல் கூடவே கூடாது. சேர்வராயன் மலையின் பனிமூட்டத்தில் ஈரம் உள்ளே இறங்கும். தோலில் பூஞ்சை பூப்பது கண்ணுக்குத் தெரியும், நூல் இற்றுப்போவது தெரியாது. அதனால்தான் நனைந்த ஜாக்கெட்டை பிளாஸ்டிக் உறையில் திணிக்காமல் நிழலில் காற்றாட மாட்டச் சொல்கிறேன். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

மெஷ் துணி ஜாக்கெட்தான் நம் வெயிலுக்குச் சரி என்பவர்கள் உண்டு. சேலத்து ஏப்ரல் மத்தியானத்தில் அது நியாயம்தான். மலைக்கு என் ஓட்டு, மார்பில் சிறு துளைகள் போட்ட தோலுக்கே.

தோள், முழங்கை பேடுகளில் இஎன் 1621 என்ற ஐரோப்பிய முத்திரை இருக்கிறதா பாருங்கள். இரண்டாம் நிலை பேடு முதல் நிலையைவிட அடியை அதிகம் தாங்கும். ஜாக்கெட்டின் முதுகுப் பக்கப் பையில் பல சமயம் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு முறையான பேடு வையுங்கள். முழு ஜாக்கெட்டுக்கான தரம் இஎன் 17092. அதில் ட்ரிபிள் ஏ உச்சம், அன்றாடத்துக்கு டபுள் ஏ போதும். தையல் பிரியாமல் தாங்குமா என்பதையும் அந்தச் சோதனை பார்க்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. ஜாக்கெட் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆகவே சோதிக்கும் வேலை வாங்குபவருடையது.

கடைக் கண்ணாடி முன் நின்று அளவு பார்க்காதீர்கள். உங்கள் வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை பேடு நழுவிச் சுழன்றால் அந்த அளவு வேண்டாம். பிறகு தோள் தையலை இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஊசித் துளை விரிந்து நூல் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.