பட்டுப் பாவாடையும் மாதிரிக் காகிதமும்

பட்டுத் துணி ஒன்று தறியை விட்டு இறங்குவதற்குள் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்பதை நமது அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புழு வளர்ப்பவர், நூல் முறுக்குபவர், சாயம் தோய்ப்பவர், பாவு பிணைப்பவர், தறியில் அமர்பவர் ஆகிய அனைவருடைய உழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது. அவ்வுழைப்பு பயன் பெறுவதும் பாழாவதும் இறுதியில் ஒரு கத்தரிக்கோலின் வாயில் இருக்கிறது. நெசவில் நேர்ந்த பிழையைப் பிரித்து மீண்டும் நெய்யலாம். வெட்டிய பட்டை ஒட்டவைக்க இயலாது. ஆகவேதான் நமது இல்லங்களில் குழந்தை உடை தைக்கக் கற்று வரும் சகோதரிகளுக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

நமது நாட்டில் தையற்காரரிடம் அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவதே வழக்கம். அவர் அதைப் பார்த்துத் துணியின் மீதே சாக்குக் கட்டியால் கோடிட்டு வெட்டிவிடுவார். பல்லாண்டுப் பழக்கத்தினால் வரும் திறமை அது. அத்தகைய பழக்கம் இல்லாதவர்களும் தைப்பதற்கு உதவுவது, பேட்டர்ன் எனப்படும் அச்சிட்ட மாதிரிக் காகிதம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல் வெவ்வேறு அளவுகளில் இதனை விற்கத் தொடங்கினார். முதலில் ஆடவர், சிறுவர் உடைகளுக்கு மட்டுமே இருந்தது. பின்னரே பெண்கள் உடைகளுக்கும் வந்தது. இன்று இணையத்தின் வழியாகப் பெற்று அச்சிட்டுக் கொள்ளவும் முடிகிறது. அவ்வாறு அச்சிட்டால், தாளில் குறித்துள்ள சோதனைக் கட்டத்தை முதலில் அளந்து பார்க்க வேண்டும். கட்டம் சிறுத்திருந்தால் சட்டையும் சிறுத்தே வரும்.

மாதிரிக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வதே முதற் பாடமாகும். உறையில் எழுதியுள்ள வயதை நம்பி வெட்டலாகாது. ஒரே வயதுக் குழந்தைகள் இருவர் ஒரே அளவில் இருப்பதில்லை. மார்பு, இடுப்பு, உயரம் ஆகியவற்றை அளந்து, உறையிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டே அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, தையலுக்கு விடும் துணி காகிதத்திலேயே சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் காகிதங்களில் பெரும்பாலும் 5/8 அங்குலம் சேர்த்தே வரைந்திருப்பார்கள். ஜெர்மானிய புர்தா இதழின் தாள்களில் வழக்கமாக அது சேர்ந்திராது. நாமே சேர்க்க வேண்டும். இதை அறியாது வெட்டினால் குழந்தையின் கை சட்டைக்குள் நுழையாது.

இனி, நமது காஞ்சிபுரத்திற்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. காகிதத்தில் ஒரு நீண்ட அம்புக்குறி இருக்கும். அதைப் பாவு நூலுக்கு இணையாக வைக்கவேண்டும் என்பது பொது விதி. ஆனால் நமது துணியில் கரை பாவின் போக்கிலேயே ஓடுகிறது. விதியின்படி வைத்தால் பாவாடையின் கரை பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும்! கரை காலடியைச் சுற்றி வரவேண்டுமாயின், துணியைக் குறுக்காகத் திருப்ப வேண்டும். அப்பொழுது துணியின் அகலமே பாவாடையின் உயரமாகும். துணியின் நீளமே அதன் சுற்றளவாகும். காகிதத்தில் அடிமடிப்புக்கென்று விட்ட இடமும் நமக்கு வேண்டுவதில்லை. கரையின் ஓரம் தறியிலேயே முடிவு பெற்றது. அதை மடித்தால் நெய்தவர் சரிகையில் எழுப்பிய வேலைப்பாடு உள்ளே மறைந்துவிடும்.

ஓர் உதாரணம் கூறுவோம். துணியின் அகலம் 30 அங்குலம். குழந்தைக்கு வேண்டிய உயரம் 24 அங்குலம். மிகுதி 6 அங்குலத்தை வெட்டி எறிவது அறியாமை. மேலே இடுப்புப் பட்டிக்கு 1 அங்குலம் விட்டு, எஞ்சிய 5 அங்குலத்தைக் கரைக்கு மேலே உட்புறமாக இரண்டு டக்குகளாகப் பிடிக்கலாம். ஒவ்வொன்றும் 1¼ அங்குல ஆழம் இருந்தால், ஒன்றுக்கு 2½ அங்குலத் துணி அடங்கும். குழந்தை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை பல தீபாவளிகளைக் காணும். சுற்றளவுக்கோ, கொசுவம் நெருக்கமாக வைப்பதாயின் இடுப்பளவைப்போல் 3 மடங்கு துணி வேண்டும். இடுப்பு 20 அங்குலம் என்றால் 60 அங்குலம், அதற்கு மேல் தையலுக்குச் சிறிது.

பட்டில் குத்திய ஊசித்துளை எளிதில் மறையாது. ஆகையால் குண்டூசிகளைத் தையலுக்கு விட்ட ஓரத்திற்குள்ளேயே குத்த வேண்டும். எந்திரத்தில் மெல்லிய 11ஆம் எண் ஊசி போதுமானது. இஸ்திரியைச் சரிகையின் மீது நேராக வைக்காமல், துணியைப் புறம் திருப்பி மேலே பருத்தித் துணி விரித்துத் தேய்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பழைய பருத்தி வேட்டியில் சட்டையை வெட்டி, கையால் ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கு அணிவித்துப் பார்ப்பது நலம். கழுத்தும் கைக்குழியும் அங்கே சரியான பிறகே பட்டைத் தொட வேண்டும். திருத்திய அளவுகளைக் கனமான அட்டையில் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த குழந்தைக்கும் அதுவே வழிகாட்டும்.

தைப்பது வீட்டுக்கு மட்டும் உரிய கலையன்று. தமிழ்நாட்டில் அரசு வழங்கும் பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தருவதில் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் பங்கு கொண்டுள்ளனர். அளவு ஒழுங்காக இருந்தாலன்றி அத்தகைய வேலை நடவாது. நெசவாளர் குடும்பத்துச் சகோதரிகளும் அவ்வொழுங்கைக் கற்றுக்கொண்டால், பாவாடைத் துணியாக விற்பதை உடையாகவே விற்கலாம். தையற்கூலியும் அக்குடும்பத்திலேயே தங்கும். சங்கங்கள் தங்கள் கட்டடத்தில் ஒரு மேசையும், அட்டை மாதிரிகள் ஒரு தொகுதியும், வாரம் ஒரு நாள் கற்பிக்க அனுபவமுள்ள தையற்காரர் ஒருவரும் இருக்க ஏற்பாடு செய்தால் பெரும் பயன் விளையும்.

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு வரும் சிறுமிகளின் பாவாடைக் கரை மடிப்பில் மறையாமல் முழுமையாக விளங்குமாயின், நெய்த கைக்கும் தைத்த கைக்கும் அதுவே பெருமையாகும்.